பிஎம்டபிள்யூ இசட்4 எம்40ஐ: சென்னையில் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாற்றம், ட்ரோன் (காதை அடைக்கும் இரைச்சல்) இல்லாமல் செய்வது எப்படி?

#1 இசட்4_அடையாறு

எல்லாருக்கும் வணக்கம். வண்டி இசட்4 எம்40ஐ. 3 லிட்டர், ஆறு சிலிண்டர் பி58 எஞ்சின், 340 எச்பி. இதுவரை எதையும் தொடவில்லை. கூரையைத் திறந்துகொண்டு ஈசிஆரில் போகும்போது அந்த ஆறு சிலிண்டர் குரல் பின்னாலிருந்து இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை.

ஓஎம்ஆர் ஆபீஸுக்குத் தினமும் இதே வண்டிதான், அதனால் சீராக ஓடும்போது காதை அடைக்கக் கூடாது. காலை 5:30க்கு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் ஸ்டார்ட் செய்கிறேன். எஞ்சின் லைட் எரியக் கூடாது, பொல்யூஷன் சர்டிபிகேட்டும் சிக்கலில்லாமல் கிடைக்க வேண்டும்.

ஆக்சில்-பேக் (பின் மஃப்ளர், அதாவது சைலன்சர், மட்டும்) போதுமா, கேட்-பேக்கா (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது முழுவதும்), டவுன்பைப் (டர்போவை ஒட்டிய முதல் குழாய்) வரை போக வேண்டுமா? வெளிநாட்டு கிட் வாங்குவதா, இங்கேயே செய்துகொள்வதா?

#2 குழல்நாதம்

வாங்க சார். எதையும் வாங்கும் முன் செலவே இல்லாத இரண்டு சோதனை இருக்கிறது, முதலில் அதை முடியுங்கள்.

ஒன்று, இந்த வண்டியில் ஸ்பீக்கர் வழியாகவும் எஞ்சின் சத்தம் வருகிறது. கோடிங் ஆப் (வண்டியின் கம்ப்யூட்டர் அமைப்புகளை மாற்றும் ஆப்) வைத்து அந்தச் செயற்கைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். உங்கள் எக்ஸாஸ்ட் உண்மையில் எவ்வளவு பேசுகிறது என்று அப்போதுதான் தெரியும். அணைக்காமலே மஃப்ளர் மாற்றுபவர்களுக்கு இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உள்ளே குழப்பமாகக் கேட்கும். பழியைப் புது மஃப்ளர் மேல் போட்டுவிடுவார்கள்.

இரண்டு, பின் மஃப்ளரில் மோட்டார் வால்வு இருக்கிறது. ஸ்போர்ட் மோடில் வால்வு திறந்திருக்கும்போது 8வது கியரில் 1600 முதல் 2200 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள், கூரை மூடியிருக்கட்டும். எந்த ஆர்பிஎம்மில் காது அடைக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மஃப்ளர் மாற்றினால் பெரிதாகப் போவது முதலில் அந்த இடம்தான்.

இனி அமைப்பைப் பார்ப்போம். டர்போ, அதை ஒட்டி டவுன்பைப்பில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாகக் கேட்), இருந்தால் பெட்ரோல் துகள் வடிகட்டி, நடுவில் ரெசொனேட்டர் (சத்தத்தைச் செதுக்கும் சின்ன மஃப்ளர்), கடைசியில் பின் மஃப்ளர். உங்கள் வண்டியில் துகள் வடிகட்டி இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். லிஃப்டில் ஏற்றி, கேட்டுக்குப் பின்னால் குழாயிலிருந்து மெல்லிய உலோகக் குழாய் கிளம்பி ஒரு சின்ன பிரஷர் சென்சாருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் வடிகட்டி உண்டு. மெல்லிய அறைகள் வழியே புகையை வடிப்பதால் உச்ச அலைகள் (உயர் அலைவெண் சத்தம்) அதிலேயே நிறைய அமுங்கிவிடும். அது உள்ள வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடலாம். இல்லாத வண்டிக்கு அதே மஃப்ளரைப் போட்டால் கரகரப்பு வரும். யூடியூப் வீடியோவைக் கேட்டு மஃப்ளர் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம். அந்த வண்டி எந்த நாட்டு வண்டி, அதில் வடிகட்டி உண்டா என்று வீடியோவில் யாரும் சொல்வதில்லை.

#3 பூஸ்ட்_பிரியன்

பாஸ், இவ்ளோ யோசிக்க வேணாம். டர்போ வண்டியில சவுண்டை அமுக்குறதே கேட்தான். கேட் இல்லாத டவுன்பைப் போட்டு, ஆக்சிலேட்டர் விட்டா வெடிக்கிற மாதிரி டியூன் பண்ணுங்க. பின்னாடி எதையும் தொட வேண்டியதே இல்ல.

#4 குழல்நாதம்

அவர் கேட்டது எஞ்சின் லைட் இல்லாமல், பொல்யூஷன் சர்டிபிகேட்டோடு. கேட் போனால் இரண்டும் போய்விடும்.

பிஎஸ்4 மாசு விதி முதல் வந்த பெட்ரோல் கார்களுக்குச் சும்மா ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. 2500 ஆர்பிஎம் பக்கம் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம்தான் அனுமதி, லாம்டா (காற்று-எரிபொருள் விகித அளவு) 0.97 முதல் 1.03க்குள் நிற்க வேண்டும். கேட் இல்லாத நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின் இந்த அளவுக்குள் வராது. திறந்த கூரை வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓடும் வண்டியின் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம் புகையை மறுபடி கேபினுக்குள் இழுக்கும். சிக்னலில் நின்றாலும் கண் எரியும்.

வெடிச்சத்த டியூன் என்பது ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பெட்ரோலை ஊற்றி, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி, எரிப்பை எக்ஸாஸ்டுக்குள் தள்ளுவது. கேட் இருக்கும் வண்டியில் இதைச் செய்தால் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அளவுக்கு மீறிச் சூடாகி உருகும். உருகிய துண்டு வழியை அடைக்கும், பவர் குறையும், அந்தச் சூடு டர்பைனுக்கும் போகும். தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு நான் இதை ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

#5 பூஸ்ட்_பிரியன்

சரி, டியூனை விடுங்க. 200 செல் (சதுர அங்குலத்துக்கு 200 துளை) ஸ்போர்ட்ஸ் கேட் வச்சா?

#6 குழல்நாதம்

தரமான 200 செல் கேட் என்றால் சத்தம் நிச்சயம் கூடும். ஆனால் பின் ஆக்சிஜன் சென்சார் கேட்டின் திறன் குறைந்துவிட்டது என்று பி0420 என்ற கோளாறுக் குறியீட்டைப் பதியலாம், அதைச் சாஃப்ட்வேரில் மறைக்க வேண்டிவரும். அவருடைய தேவை பின்பக்கத்திலேயே முடிந்துவிடும். கேட்-பேக் வேலையில் ஆக்சிஜன் சென்சார் எதையும் கழற்றுவதில்லை, எஞ்சின் கட்டுப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை. அதனால்தான் அதையே சொல்கிறேன்.

#7 இசட்4_அடையாறு

#2ல் சொன்னபடி செய்து பார்த்தேன். வால்வு திறந்த நிலையில் 1800 பக்கம் லேசாக ஒரு அடைப்பு தெரிகிறது. வடிகட்டிக்கான பிரஷர் குழாயும் இருக்கிறது. இந்த 1800க்கு ஏதாவது கணக்கு உண்டா?

#8 குழல்நாதம்

உண்டு, இந்த வேலையின் உயிரே அந்தக் கணக்குதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 1800 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 30 சுற்று, 90 வெடிப்பு. ஆக 90 ஹெர்ட்ஸ். இந்த அளவு அலை சின்ன கேபினுக்குள் சுலபமாகத் தேங்கும். காது அடைப்பது அதனால்தான், ட்ரோன் என்பதும் அதுதான். அதே எஞ்சின் 6000ல் சுற்றும்போது அடிப்படை அலை 300 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 600. நீங்கள் கேட்க ஆசைப்படும் ஆறு சிலிண்டர் குரல் ஏறக்குறைய இந்த 200 முதல் 600 ஹெர்ட்ஸ் பட்டையில் இருக்கிறது. அதற்கும் மேலே, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கும் தகரக் கரகரப்பு வேண்டவே வேண்டாம். எனவே வேலை இதுதான்: நடுவை விடு, கீழே 80 முதல் 110 வரை அடக்கு, மேலே கரகரப்பை எடுத்துவிடு.

மேலே உள்ளதை எடுப்பது சுலபம். நேர்குழாய் மஃப்ளர், அதாவது துளைக் குழாயும் சுற்றிலும் நார் அடைப்பும் உள்ளது, உச்ச அலைகளை நன்றாக உறிஞ்சும். ஆனால் 90 ஹெர்ட்ஸை அது கிட்டத்தட்ட தொடாது. "மஃப்ளர் போட்டும் ட்ரோன் போகவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். நீளமும் விட்டமும் கூட்டினால் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

கீழே உள்ளதை அடக்க மூன்று வழி. அறை வைத்த மஃப்ளர் ஒன்று. அலையைத் திருப்பி மோதவிட்டு அழிக்கும், ஆனால் வேகமாகப் போகும்போது வழியை நெருக்கும். வால்வு மஃப்ளர் இரண்டாவது. குறைந்த வேகத்தில் அறை வழி, மிதித்தால் நேர் வழி. கம்பெனி செய்திருப்பதும் இதுவே. மூன்றாவது கால் (1/4) அலைக் குழாய், ஜே பைப் என்பார்கள். மெயின் குழாயிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி, முனை மூடிய ஒரு கிளை. உள்ளே போன அலை முனையில் மோதித் திரும்பி வரும்போது மெயின் குழாயில் வரும் அலைக்கு நேர்மாறாக நின்று அதை அழிக்கும். புகை அதற்குள் ஓடுவதில்லை, பவர் இழப்பும் கிடையாது.

நீளத்துக்கு, ஒலியின் வேகத்தை அலைவெண்ணின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெளிக்காற்றின் 343 மீட்டரைப் போட்டுவிடுவார்கள். வாயு சூடாக இருந்தால் ஒலி வேகமாகப் போகும். 200 டிகிரியில் நொடிக்கு ஏறக்குறைய 436 மீட்டர், 300 டிகிரியில் 480. கிளையில் ஓட்டம் இல்லாததால் மெயின் குழாயைவிட அது குளிர்ச்சியாகவே இருக்கும். 90 ஹெர்ட்ஸுக்கு 200 டிகிரி என்று வைத்தால் 1.21 மீட்டர். 150 டிகிரி என்றால் 1.14. ஆகவே கிளையின் கடைசி 15 செ.மீ.யை நழுவும் குழாயாக, கிளாம்ப் போட்டு விடுங்கள். ஓட்டிப் பார்த்து நீட்டிக் குறைத்து, சரியான இடம் கிடைத்த பிறகு வெல்ட் செய்யலாம். நீளம் கூடினால் ட்ரோன் மறையும் ஆர்பிஎம் இறங்கும், குறைந்தால் ஏறும்.

கிளையின் விட்டம் மெயின் குழாய்க்கு நெருக்கமாக இருக்கட்டும். 76 மி.மீ. குழாயில் 25 மி.மீ. கிளை வைத்தால் வேலை செய்யாது.

#9 வி8_வேளச்சேரி

இழையைத் திசை திருப்பவில்லை, இதே கணக்கு ஃபோர்டு மஸ்டாங் ஜிடிக்குப் பொருந்துமா? நடு ரெசொனேட்டரை எடுத்துவிட்டு இடது வலது குழாய்களை இணைக்க எக்ஸ் பைப்பா எச் பைப்பா என்று யோசனை.

#10 குழல்நாதம்

பொருந்தும், ஆனால் 8 சிலிண்டருக்குச் சுற்றுக்கு நான்கு வெடிப்பு. 1800ல் 120 ஹெர்ட்ஸ். மேலும் அந்த வி8ல் குறுக்குத்தள கிராங்க் (90 டிகிரி இடைவெளியில் பின்கள் அமைந்த கிராங்க் தண்டு). இடது வலது குழாய் ஒவ்வொன்றிலும் வெடிப்பு சீரான இடைவெளியில் வருவதில்லை. அந்த ஒழுங்கின்மைதான் உறுமல். எச் பைப் இரண்டு பக்கத்தையும் லேசாகத்தான் இணைக்கும், உறுமல் தங்கும். எக்ஸ் பைப் முழுக்கக் கலக்கும், குரல் மெலிந்து மேலே ஏறும். வி8 என்று தெரிய வேண்டும் என்றால் எச். அந்த இணைப்பை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் குழாயின் மேல் சாதாரண பெயின்ட்டைக் கோடாக அடித்து ஓட்டி, அது கருகும் விதத்தைப் பார்த்து இடம் முடிவு செய்வது பழைய பழக்கம்.

#11 டிக்_வெல்டர்_அம்பத்தூர்

ஃபேப்ரிகேஷன் பக்கம் நான் சொல்றேன். கிட்டா, இங்கயே செய்றதான்னு கேட்டீங்க. பின் மஃப்ளரை நல்ல கம்பெனி வால்வு மஃப்ளரா வாங்கிக்கோங்க. நடுக்குழாயை இங்க செய்யலாம். புதுப்பேட்டையில பழைய மஃப்ளரை வெட்டி ஒட்டித் தருவாங்க, ஜிபி ரோட்ல பளபளன்னு டிப் (வெளிய தெரியிற குழாய் முனை) கிடைக்கும். இந்த வண்டிக்கு ரெண்டும் வேணாம். ஆர்கான் டிக் வெல்டிங்கும் மாண்ட்ரெல் பெண்டிங்கும் (உள்ள தாங்கு வச்சு வளைக்கிறது) இருக்கிற கடையாப் பாருங்க. சாதா பெண்டிங்ல வளைவுல குழாய் நசுங்கி முட்டை வடிவமாயிடும்.

குழாய் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, 1.5 மி.மீ. கனம். 1.2ம் போடலாம், எடை குறையும், ஆனா மெல்லிய குழாய் தானே அதிர்ந்து தகரச் சத்தம் கொடுக்கும். கடைக்காரர் 304னு சொல்லி விலை குறைஞ்ச 409 கொடுக்கிறது சகஜம். காந்தம் வச்சுப் பாருங்க, 409ல நல்லா ஒட்டும், 304ல ஒட்டாது. வளைச்ச இடத்துல மட்டும் லேசா இழுக்கும், அது பரவாயில்ல.

விட்டத்தை மனம் போனபடி ஏத்தாதீங்க. ஸ்டாக் குழாயை வெர்னியர்ல அளந்து அதை ஒட்டியே போங்க. பின்னாடி ரெண்டாப் பிரியும்போது எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. 76 மி.மீ. குழாயின் உள்பரப்பு சுமார் 42 சதுர செ.மீ. அதை ரெண்டு 57 மி.மீ. குழாயாப் பிரிச்சா 46 வரும், சரியா இருக்கும். ரெண்டு 63.5 போட்டா 57க்கு மேல போயிடும், வாயு வேகம் திடீர்னு குறையும், சத்தம் தொளதொளன்னு ஆயிடும்.

வெல்டிங்ல கவனிக்க வேண்டியது உள்பக்கம். 304க்கு ஈஆர் 308எல் கம்பி. ஸ்டாக் குழாய் 409 வகையா இருந்து அதோட 304ஐ சேர்க்கிற இடத்துல 309எல். குழாயோட ரெண்டு முனையையும் டேப் போட்டு அடைச்சு உள்ளேயும் ஆர்கான் விடணும். விடலைன்னா உள்பக்கம் வெல்ட் கருத்து, சர்க்கரை கட்டின மாதிரி பொரிஞ்சு நிக்கும். வெளிய பார்த்தா அழகான வெல்ட், உள்ள விரிசலுக்கான விதை. டெலிவரி எடுக்கிற முன்னாடி ஃபோன் டார்ச்சை உள்ள அடிச்சுப் பாருங்க. வெள்ளி, வைக்கோல் நிறம், லேசான நீலம் வரைக்கும் ஓகே. கரி மாதிரி கட்டி கட்டியா இருந்தா திருப்பிக் கொடுங்க.

#12 இசட்4_அடையாறு

அருமை. வண்டி நிற்பது கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். உப்புக் காற்றுக்கு 304 தாங்குமா?

#13 டிக்_வெல்டர்_அம்பத்தூர்

ஓட்டை விழாது. ஆனா உப்பு படிஞ்சு பழுப்புக் கறை வரும், வெல்ட் பக்கம் புள்ளி புள்ளியா அரிக்கும். வெல்ட் முடிஞ்சதும் பிக்ளிங் பேஸ்ட் (வெல்ட் கறையை எடுக்கிற ஆசிட் பசை) போட்டுக் கழுவச் சொல்லுங்க. வெளிய தெரியிற டிப்பை மட்டும் 316ல (உப்பை இன்னும் நல்லா தாங்குற ஸ்டெயின்லெஸ்) போட்டா நல்லது. முக்கியமா, கார்பன் ஸ்டீலுக்குத் தேய்ச்ச வயர் பிரஷ்ஷையோ கிரைண்டிங் வீலையோ ஸ்டெயின்லெஸ் மேல வைக்க விடாதீங்க. அந்த இரும்புத் தூள் பதிஞ்சா முதல் மழையிலேயே துரு.

உள்ளேர்ந்து வர்ற தண்ணியும் இருக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போகுது. சூடாகாத குறுகிய ஓட்டத்துல அது மஃப்ளர்லயே தங்கி நார் அடைப்பை ஊற வைக்கும். மஃப்ளரோட அடிப்பகுதியில 3 மி.மீ. வடிகால் துளை இருக்கணும். டிசம்பர் வெள்ளத்துல டிப் மூழ்கின வண்டின்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்தத் துளை அடைச்சிருக்கான்னு ஒரு கம்பி விட்டுப் பாருங்க.

நார் அடைப்பு பத்தியும் சொல்லிடுறேன். நடு ரெசொனேட்டரை முழுசா எடுக்காதீங்க, அதே இடத்துல சின்ன நேர்குழாய் ரெசொனேட்டர் வைங்க. எடுத்துட்டா கரகரப்பு நிச்சயம். 350 மி.மீ. நீளம், 150 மி.மீ. விட்டம் உள்ள உடம்புன்னா நடுக்குழாய் போக சுமார் 5 லிட்டர் இடம். லிட்டருக்கு 120 கிராம் கணக்குல 600 கிராம் நார். முதல்ல துளைக் குழாய் மேல ஸ்டெயின்லெஸ் கம்பளி ஒரு சுத்து, அது மேல பசால்ட் (எரிமலைக் கல்) நார். கம்பளி இல்லாம நாரை நேரா சுத்தினா துளை வழியா நார் கொஞ்சம் கொஞ்சமா வெளிய பறந்துடும். சத்தம் மாசா மாசம் ஏறிக்கிட்டே போகும், ஆரம்பத்துல "செட் ஆகுது"ன்னு சந்தோஷப்படுவாங்க.

#14 ஆர்சி_புக்

சட்டப் பக்கத்தையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

9 இருக்கைக்குள் உள்ள பயணிகள் கார்களுக்கு ஓடும்நிலைச் சத்த வரம்பு 74 டெசிபெல், ஏ எடையில் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு). இது தயாரிப்பாளரிடம் செய்யும் சோதனை: வண்டி 50 கி.மீ. வேகத்தில் வந்து முழுக்க மிதிக்கும்போது, பாதையின் மையக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவு சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டுவதற்கு: முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 182ஏ(4) பிரிவு அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. சைலன்சர் கட்டாயம் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 120.

உங்கள் 5:30 கவனிக்க வேண்டியது. ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் 45 டெசிபெல், பகலில் 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அடையாற்றில் அப்படிப்பட்ட தெருக்களே அதிகம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய ஸ்டாக் மஃப்ளரை விற்காதீர்கள். வாரன்ட்டி வேலைக்கும், வண்டியை விற்கும்போதும் அதைத் திரும்ப மாட்டவேண்டி வரும்.

#15 பூஸ்ட்_பிரியன்

ஆக மொத்தம் எதுவும் பண்ணவே கூடாதுன்னு சொல்றீங்களா சார்?

#16 ஆர்சி_புக்

சாலையில் ஓடும்போது ஸ்டாக் அளவைத் தாண்டாத அமைப்பை வையுங்கள் என்கிறேன். வால்வு மூடிய நிலையில் ஸ்டாக்கை ஒத்த அளவு வரும் மஃப்ளர்கள் உண்டு. ஐரோப்பிய ஈசிஇ ஒப்புதல் முத்திரை உள்ளதாக வாங்கினால் அந்தச் சோதனை நடந்திருக்கிறது என்றாவது தெரியும். ஆனால் அது இங்கே தானாக அனுமதி ஆகிவிடாது. வால்வை முழுக்கத் திறக்க இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது.

#17 குழல்நாதம்

ஒத்துக்கொள்கிறேன். 5:30 ஸ்டார்ட்டுக்கு ஒரு சேர்ப்பு. குளிர்ந்த எஞ்சின் கேட்டைச் சூடாக்க முதல் ஒரு நிமிடம் ஆர்பிஎம்மை ஏற்றி, ஸ்பார்க்கைத் தாமதித்து ஓடும். நாளிலேயே அதிகச் சத்தம் அப்போதுதான், பேஸ்மென்ட் அதை இன்னும் பெருக்கும். வால்வு இல்லாத மஃப்ளரை உங்களுக்குச் சிபாரிசு செய்யாததற்கு இதுவே போதும். வால்வு கன்ட்ரோலர் வாங்கும்போது ஸ்டார்ட்டில் தானாக மூடிய நிலையில் இருக்கும்படி அமைக்க முடிகிறதா என்று கேளுங்கள். வால்வு மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்தபடி ஓட்டும் வழியும் சொல்வார்கள், வேண்டாம். கம்ப்யூட்டரில் கோளாறு பதியும். அசையாமல் நிற்கும் வால்வு தண்டு கரி படிந்து பிடித்துக்கொள்ளும், பிறகு மூடவே மூடாது.

#18 டெசிபெல்_தம்பி

அண்ணா, ஃபோன் ஆப்பில அளந்தா போதுமா? மஃப்ளர் மாத்தின ஒரு வண்டியில கேபினுக்குள்ள 2 டெசிபெல்தான் கூடுச்சுன்னு காட்டுது, ஆனா உட்கார முடியல.

#19 குழல்நாதம்

தம்பி, ஏ எடை என்பது மெல்லிய சத்தத்தைக் காது கேட்கும் விதத்தைப் பின்பற்றுவது. 100 ஹெர்ட்ஸில் அது 19 டெசிபெல்லைக் கழித்துவிடுகிறது. ட்ரோன் இருப்பதே அங்கேதான், அதனால் மீட்டரில் தெரியாது. ஆப்பை சி எடைக்கு மாற்றுங்கள், 100 ஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட எதையும் கழிக்காது. ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இன்னும் நல்லது. ஃபோனை ஹெட்ரெஸ்ட் உயரத்தில் வைத்து, 1800ல் சீராக ஓட்டினால் 90 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கோபுரம் நிற்கும். ஜே பைப் நீளத்தை நகர்த்தும்போது அந்தக் கோபுரம் சரிவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வெளியே அளக்க, மைக் டிப்பிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், குழாய் திசைக்கு 45 டிகிரியில், டிப் உயரத்திலேயே. ஃபோன் மைக்கின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே ஃபோன், ஒரே இடம் என்றால் வித்தியாசத்தை நம்பலாம்.

#20 இசட்4_அடையாறு

முடிவு செய்துவிட்டேன்: கேட், வடிகட்டி தொடுவதில்லை. நடுவில் சின்ன ரெசொனேட்டர், பின்னால் ஈசிஇ முத்திரை உள்ள வால்வு மஃப்ளர், தேவைப்பட்டால் மட்டும் ஜே பைப். மாட்டும் நாளில் நான் கூடவே நிற்கப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

#21 டிக்_வெல்டர்_அம்பத்தூர்

வண்டி முழுசா ஆறியிருக்கணும். திறந்த கூரை வண்டிங்கறதால அடியில பாடியை இறுக்கிப் பிடிக்கிற ஸ்ட்ரட், தகடெல்லாம் இருக்கும். அதைக் கழற்றினா திரும்ப மாட்டாம ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. அதுல ஒருமுறை மட்டும் பயன்படுத்துற போல்ட் இருந்தா புதுசை முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, கம்பெனி டார்க் அளவுல இறுக்கணும்.

ஹேங்கர் ரப்பரை (குழாயைத் தொங்கவிடுற ரப்பர்) கழற்ற சோப்புத் தண்ணி இல்லன்னா சிலிகான் ஸ்ப்ரே. பெட்ரோலிய எண்ணெய் அடிச்சா ஈபிடிஎம் ரப்பர் ஊதிப் போயிடும். பழைய குழாயைக் கழற்றும் முன்னாடி ரெண்டு ஸ்டாண்ட்ல தாங்கிப் பிடிக்கணும், இல்லன்னா மொத்த எடையும் டவுன்பைப் வளையும் இடத்துல தொங்கி அதைக் கிழிச்சிடும்.

புதுசை மாட்டும்போது எல்லா கிளாம்பையும் கை இறுக்கம் மட்டும். முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் வரிசை பார்த்துட்டு, அப்புறம் அதே வரிசையில இறுக்கணும். யூ போல்ட் கிளாம்ப் போட்டா குழாய் நசுங்கி அடுத்த முறை கழட்டவே வராது, பட்டை கிளாம்ப் போடுங்க. 304 சூடானா நீளும். 2 மீட்டர் குழாய் 350 டிகிரி ஏறினா 12 மி.மீ. நீளம் கூடும். அந்த 12 மி.மீ. எங்க போகும்னு மாட்டுறவர்கிட்ட கேளுங்க. ஹேங்கர் ரப்பர் குளிர்ந்த நிலையில கொஞ்சம் முன்பக்கமாச் சாஞ்சிருந்தா சூட்டுல நேராகும். எல்லாத்தையும் விறைப்பா இழுத்துப் பிடிச்ச மாதிரி மாட்டினா ஹேங்கர் கம்பியோட வெல்ட் பிளக்கும்.

குழாய்க்கும் பாடிக்கும் 15லிருந்து 20 மி.மீ. இடைவெளி. பிரேக் லைன், பெட்ரோல் டேங்க் பக்கம் இருந்த வெப்பத் தகடு எல்லாம் திரும்ப வந்துச்சான்னு எண்ணிப் பாருங்க. டிப் பம்பர் ஓரத்துக்கு உள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது, கொஞ்சம் வெளிய நீட்டி இருக்கணும். இல்லன்னா பம்பர் பிளாஸ்டிக் இளகும். ஸ்பீட் பிரேக்கருக்கு மிகத் தாழ்ந்த இடம் எதுன்னு அளந்து குறிச்சுக்கோங்க. அது ஸ்டாக் அளவுக்குக் கீழ போகவே கூடாது.

கேஸ் கசிவைப் பார்க்க வண்டி ஸ்டார்ட் பண்ணாம, டிப் வழியா வேக்யூம் கிளீனரோட ஊதும் பக்கத்தை வச்சுக் காற்று விடுங்க. இன்னொரு டிப்பை துணியால அடைச்சு, ஒவ்வொரு இணைப்புலயும் சோப்புத் தண்ணி அடிங்க. குமிழி வந்தா மறுபடி இறுக்கணும். சீலன்ட் பூசி மூட விடாதீங்க. முன்பக்கம் கசிஞ்சா அந்த வாயு கேபினுக்குள்ள வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

#22 இசட்4_அடையாறு

மாட்டியதும் புகை வந்தால் பயப்பட வேண்டுமா?

#23 டிக்_வெல்டர்_அம்பத்தூர்

முதல் அரை மணி நேரம் வெள்ளைப் புகையும் கருகின வாடையும் வரும், குழாய் செய்யும்போது பட்ட எண்ணெயும் நாரோட பசையும் எரியறதுதான். திறந்த இடத்துல வச்சு எரிய விடுங்க, பேஸ்மென்ட்ல வேணாம். குழாய் மேல விரல் ரேகை இருந்தா சூட்டுல நிரந்தரமா பதிஞ்சுடும், அதனால ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஆல்கஹால் போட்டுத் துடைங்க.

மூணு முறை நல்லா சூடாகி ஆறின பிறகு லிஃப்ட்ல ஏத்தி எல்லா கிளாம்பையும் மறுபடி இறுக்கணும். அப்ப ஹேங்கர் கம்பி பாடியில எங்கயாவது பளபளன்னு தேய்ச்ச தடம் இருக்கான்னு பாருங்க. தடம் இருந்தா அங்க இடிக்குதுன்னு அர்த்தம். ஜே பைப்போட நழுவும் முனையை இந்தச் சோதனை முடிஞ்ச பிறகுதான் வெல்ட் பண்ணணும், அதுவரைக்கும் கிளாம்ப்லயே விட்டு வைங்க.